கீழ் இமை

என் வேலை ரத்தம் எடுப்பது.
ஒசுர்கேத்தி நகர மருத்துவமனை,
மழைக்குப் பாசி பிடித்த இரண்டாம் மாடி,
ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு ரப்பர் பட்டை,
பதினேழு வருடம்.

ஊசிக்கு முன்னால்
கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பேன்.
காகிதம் நாளைக்குச் சொல்லப்போவதை
அந்த உள்விளிம்பு இன்றைக்கே உளறிவிடும்.

மார்ச்சில் வருகிற பெண்களுக்கு அது
அரிசி கழுவிய நீரின் நிறம்.
ஈஸ்டர் நோன்பின் நாலாம் வாரம்.
இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை.
மாட்டுக்குத் தீனி மட்டும் வேளை தவறவில்லை,
மாமனாருக்கு மருந்தும்.

"வேலியில் காஞ்சொறி துளிர்த்துவிட்டதா?" என்று கேட்பேன்.
கையுறை மாட்டிக் கொழுந்தாகக் கிள்ளி
கொதிநீரில் ஒரு புரட்டு.
அக்ரூட்டும் பூண்டும் இடித்துச் சேர்த்து
வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பிசைந்தால்
வேலியில் கடித்த கீரை
தட்டில் பூனைக்குட்டியாகக் கிடக்கும்.
மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்பேன்.
கீரை அதற்குத் துணை,
மாற்று அல்ல.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்,
ஒரு மணி நேரம் போகட்டும் என்றதற்கு
நசிப்ரோலா சிரித்த சிரிப்பில்
ஊசி நழுவியது.
"மே முழுக்க டீத்தோட்டத்தில் குனிந்தே கிடக்கிறேன்,
என்னிடமா சொல்கிறாய்?"

ஆகஸ்ட்டில் மக்வலாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
ஹேசல் மரத்தடியில் மயங்கி விழுந்தாளாம்.
ஏப்ரன் பை இரண்டிலும் கொட்டைகள்.
கிலோ என்ன விலை என்று கண் திறந்ததும் சொன்னாள்.
காலையிலிருந்து ஒன்றாவது உடைத்துத் தின்றாயா?
"அது விற்கிறதுக்கு."
மத்சோனித் தயிரில் தண்ணீரும் உப்பும் கலக்கி நீட்டினேன்.
மீசை ஒட்டக் குடித்தாள்.
அவள் பையிலிருந்தே ஆறு கொட்டை எடுத்து
மேஜைக்காலில் நசுக்கிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.

நவம்பரில் அறையெல்லாம் மாண்டரின் வாசனை.
கட்டணம் போக ஆளுக்கு நாலு பழம் வைத்துவிட்டுப் போவார்கள்.
லோபியோ பீன்ஸ் தின்றதும் இதில் ஒன்றை உரித்துக்கொள்ளுங்கள்,
இரும்பு உடம்பில் தங்கும் என்று
அவர்கள் பழத்தை அவர்களிடமே திருப்பித் தருவேன்.
நாற்பத்தொன்பது வயது தாரிகோ
கோட்டைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினாள்.
"உள்ளே யாரோ அடுப்பைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள்."
இதற்குப் பச்சிலை இருக்கிறதா?
எனக்குத் தெரிந்து இல்லை, தாரிகோ.
டாக்டரைப் பார். மாலையில் ஆற்றங்கரை வரை நட.
எலும்புக்குப் பாலாடைக்கட்டி தின்.
இரவில் ஜன்னலைத் திறந்து வை,
கணவன் குளிர்ந்தால் குளிரட்டும்.

ஜனவரி, கிறிஸ்துமஸ் முடிந்த வாரம்,
கொழுந்தன் வீட்டு விருந்து.
பந்திக்கு முந்தியவர்கள் இருபது ஆண்கள்.
நாங்கள் ஐந்து பேர் அடுப்படியில்,
நின்றபடி, வாணலி விளிம்பைச் சுரண்டி,
கருகிய சோள அடையின் ஓரத்தைக் கடித்தபடி.
உள்ளே கோப்பை உயர்ந்தது:
"நம் பெண்களுக்காக!"
இருபது நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம்.
எழுந்து நின்றுதான் குடிப்பார்கள் அதற்கு.

தட்டு அடுக்க எட்டிய எனக்குச்
சுவர் கொஞ்சம் சாய்ந்தது.
பக்கத்து வீட்டிலிருந்து கைக்கு உதவ வந்த மக்வலா
மாவு ஒட்டிய கட்டைவிரலால்
என் கீழ் இமையை இழுத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
முக்காலியைக் காலால் தள்ளினாள்.
ஈரலும் மாதுளை முத்துமாகக் குச்மாச்சி,
பந்திக்குப் போகவிருந்த தட்டு,
என் மடியில்.
"த்சியூரி, உட்கார்ந்து தின்."
"அவர்கள் கேட்பார்களே?"
கதவை முதுகால் சாத்தி நின்றாள்.
கேட்டார்கள். இரண்டு தடவை.

மறுநாள் எட்டு மணிக்கு முன்
ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் இழுத்து
என் கையில் நானே கட்டினேன்.
குழாயில் ஒட்ட என் பெயரை எழுதியபோது
எழுத்து கோணியது. பழக்கமில்லை.

ஒன்பது புள்ளி நாலு.

வெளியே வரிசை நிற்கிறது.
காஞ்சொறிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.
அதுவரை பீன்ஸ், மாண்டரின், மாத்திரை,
ஒரு முக்காலி.